அம்மா வந்தால் அழுத்தும் விசை

கவின்,

இந்தக் கடிதம் மூன்று வருஷம் பிந்தி வருகிறது. பிந்தி வருகிற பிள்ளைகளை வகுப்பு வாசலில் நிறுத்திக் காரணம் கேட்கிறவள் நான். ஆகவே என் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும். நீ பல்கலைக்கழகத்துக்குப் போய் இரண்டு மாதமாகிறது. தினமும் ஃபோனில் பேசுகிறோம். "சாப்புட்டியா?" "சாப்புட்டேன்மா." "படிப்பு?" "நல்லா போவுதும்மா." "ரூம்ல இருக்கிற பையன்க?" "நல்லவனுகதாம்மா." எல்லாமே நல்லது. ஃபோனை வைத்த பிறகு யோசித்தால், உன்னைப் பற்றி நேற்றுக்கு மேல் இன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. முன்பெல்லாம் நீ இப்படி இல்லை. "அம்மா, இங்க வாங்க, இதப் பாருங்க" என்று நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுவாய். அடுப்பில் கறி கொதிக்கிறது, மொதல்ல கெமிஸ்ட்ரிய முடி, பிறகு பார்க்கிறேன் என்பேன். உனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது ஒரு சனிக்கிழமையோடு அந்தக் கூப்பிடுதல் நின்றுவிட்டது. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாம் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைப் பேசுவதற்கும், அந்தக் கூப்பிடுதலைத் திரும்பக் கேட்பதற்கும்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்க வேண்டியிருந்தது. பழைய தாள்கள் ஏதாவது கிடைக்குமா என்று அலுமாரியின் அடித்தட்டைக் கிளறினேன். உன் உயர்தரப் பாடக் கொப்பிகளுக்கு நடுவே நீட்டமான ஒரு சீ.ஆர். கொப்பி. அட்டையில் உன் கையெழுத்தில் "இரசாயனவியல், அலகு ஐந்து" என்று இருந்தது. திறந்தால் உள்ளே ஒரு மூலக்கூறுகூட இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில வரிகள், பாதி எழுத்தும் பாதி குறியுமாக. ஒவ்வொரு வரிக்கும் எண். ஓரத்தில் தமிழில் பொடி எழுத்துக் குறிப்புகள்: "இடைவெளி எட்டு போதும்", "மவுஸ் தேவையில்லை", "பெட்டரி எத்தனை வீதம் என்று வேண்டாம், எத்தனை நிமிஷம் என்று காட்டு". நடுநடுவே பெட்டி பெட்டியாகக் கட்டங்கள் வரைந்திருந்தாய். பெரிய பெட்டி ஒன்று, அதன் பக்கத்தில் சின்னது இரண்டு. பழக்க தோஷத்தில் என் கை சிவப்புப் பேனாவைத் தேடியது. பிறகு முதல் பக்கத்தின் மூலையில், விண்டோஸுக்குப் பதிலாக நீ போட்டிருந்ததன் பெயரை, "லினக்ஸ்" என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்ததைப் பார்த்தேன். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். நான் கடைக்குக் கொண்டுபோய் அழித்துவிட்டு வந்த உன் திரை, இந்தக் கொப்பிக்குள் கையெழுத்தில் உயிரோடு இருந்தது.

ஏன் கையால் எழுதினாய் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. தோட்டத்து வரிசை வீடான நம் லயத்தில் சிக்னல் கிடையாது. கோயில் வளைவுக்கு ஏறினால்தான் ஃபோனில் இரண்டு கோடு வரும். நீ அங்கே மதகுச் சுவரில் உட்கார்ந்து, யார் யாரோ தங்கள் திரையை எப்படி மாற்றினார்கள் என்று எழுதி வைத்திருப்பதை ஃபோனில் வாசித்து, உனக்கு வேண்டிய வரிகளை மட்டும் கொப்பியில் இறக்கிக்கொண்டு, ஓடி வந்து லெப்டொப்பில் அடித்துப் பார்ப்பாய். வேலை செய்யாவிட்டால் மறுபடியும் மேலே ஏறுவாய். மழைக்காலத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு, காலில் அட்டை ஏறுவதுகூடத் தெரியாமல் எழுதுவாய். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வருகிற பெண்கள் என்னிடம் சொல்வார்கள்: "டீச்சர் மகன் மழையிலயும் படிக்கிறான், நம்ம வீட்டுலயும் இருக்குதே ஒன்னு." எனக்குத் தலைகால் புரியாத பெருமை. கொப்பியின் மேலட்டையில் இருந்த இரசாயனவியலை நானும் நம்பினேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முந்தைய வாரம் உன் தவணைப் புள்ளி வந்தது, இரசாயனவியலில் முப்பத்திரண்டு. எனக்கு விளங்கவே இல்லை. நானாக எப்போது சீலைத் திரையை விலக்கி உன் மூலைக்குள் வந்தாலும் லெப்டொப்பில் இரசாயனவியல் வினாத்தாள்தான் திறந்திருக்கும். பிறகு எப்படி முப்பத்திரண்டு? ஆசிரியர் அறையில் யாரிடமோ வாய் தவறிச் சொன்னேன், நீ கூப்பிட்டு நான் வந்த சமயங்களில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடியதையும் சேர்த்து. "டீச்சர், அது ஹெக்கிங், அடுத்தவங்க கம்பியூட்டருக்குள்ள களவா போறது. ஒரு நாளைக்கி பொலிஸ் ஜீப்புல வந்து புள்ளைய ஏத்திக்கிட்டுப் போவாங்க, பார்த்துக்குங்க" என்றார் ஒருவர். அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். நான் முழுசாகப் பயந்தேன். எனக்கு இருபது வயதில் நீ பிறந்தாய். உதவி ஆசிரியர் நியமனம் கிடைத்து, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆசிரியர் கலாசாலையில் படித்தவள் நான். உன் வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கிற மற்ற அம்மாக்களுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை என்ற பயம் எப்போதும் உள்ளே இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் பயத்தைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. நடந்தது உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நீ கேகாலைக்கு டியூஷனுக்குப் போயிருந்தாய். நான் லெப்டொப்பைத் துவாயில் சுற்றி, புளத்கொகுபிட்டிய பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். கடையில் இருந்த பையன் திறந்து பார்த்தான். ஐகன் ஒன்று இல்லை, தொடங்குவதற்கு ஒரு பட்டன் இல்லை, மேலே மெல்லிய ஒரு பட்டி மட்டும். அவன் இரண்டு மூன்று விசையைத் தட்டினான். திரை இரண்டாகப் பிரிந்தது, நாலாகப் பிரிந்தது. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. அவனோ சிரித்துக்கொண்டு, யாரோ நிறையக் கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறார்கள் டீச்சர் என்று சிங்களத்தில் சொன்னான். "விண்டோஸ் போட்டுக் குடுங்க மல்லி" என்றேன், தம்பி என்று சிங்களத்தில் அழைத்து. "டேட்டா ஓனத டீச்சர்?" என்று கேட்டான், உள்ளே இருப்பது ஏதும் வேண்டுமா என்று. கவின், நான் கவனமில்லாதவள் இல்லை. காட்டுங்கள் என்று சொன்னேன். அவன் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினான். ஆவணங்கள், வெறுமை. படங்கள், வெறுமை. பாடக் குறிப்பு வினாத்தாள்கள் கொஞ்சம், அவை பென் டிரைவிலும் இருந்தன. "ஒக்கோம மகன்னத?" என்றான், எல்லாவற்றையும் அழிக்கவா என்று. "ஒவ் மல்லி, ஒக்கோம" என்றேன். பெயர் புள்ளியில் தொடங்கினால் லினக்ஸ் அந்தக் கோப்பைச் சாதாரணமாகக் காட்டாது என்பது எனக்குப் போன மாதம்தான் தெரியும். உன் இரண்டு வருஷ வேலையும் ஒரு புள்ளிக்குப் பின்னால் இருந்திருக்கிறது. நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லி இடித்துவிட்டு வந்தேன்.

நான்கு மணி பஸ்ஸில் நீ வந்தாய். கால் கழுவினாய். லெப்டொப்பைத் திறந்தாய். நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், நீ சத்தம் போடுவாய் என்று காத்துக்கொண்டு. பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன், முப்பத்திரண்டு என்ற எண்ணையும் சேர்த்து. நீ "சரிம்மா" என்று மட்டும் சொன்னாய். பிறகு தேத்தண்ணி கேட்டாய். நீ சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அப்பா நடுவில் வந்திருப்பார், மறுநாள் எல்லாம் சரியாகியிருக்கும். அந்தச் "சரிம்மா"வைக் கேட்டுவிட்டு நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நீ ஒழுங்காகப் படித்தாய், நல்ல பெறுபேறு எடுத்தாய், ஊரெல்லாம் என்னைப் பாராட்டியது. நான் செய்தது சரி என்று மூன்று வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

உன்னிடம் நான் சொல்லாத இன்னொரு கதை இருக்கிறது. ஓப்பநாயக்கப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், என் அப்பாவின் ஒற்றை அறைக் காம்பராவில் நான் வளர்ந்தது உனக்குத் தெரியும். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. எனக்குப் பதினொரு வயது, புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து பெரிய பள்ளிக்கூடம் போகிற காலம். அப்பா எங்கிருந்தோ ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தகடு கொண்டுவந்தார், வெளிச்சம் ஊடுருவுகிற தகடு. கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டு அதைப் போட்டார். நிலத்தில் பாய் அகலத்துக்கு ஒரு வெளிச்சம் விழுந்தது. நான் அதற்குள் கொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்; வெளிச்சம் நகர நகர நானும் நகர்ந்தேன். பதினைந்து நாள் இருக்கும். தோட்டத்தில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை ஆட்களோடு வந்தார். "தோட்டத்துத் தகரத்துல கை வைக்க ஒனக்கு யாரு சொன்னது? இன்னிக்கி நீ ஒன்னு, நாளைக்கி லயமே ஓட்டையாப் போயிரும்" என்றார். வந்தவர்கள் ஏறித் தகட்டை இறக்கிவிட்டுத் தகரத்தை அடித்தார்கள். அப்பா ஆணி எடுத்துக் கொடுத்தார். அவர் கையால் ஆணி எடுத்துக் கொடுத்ததை நான் மறக்கவே இல்லை. நாம் இருக்கிற இடத்தை நமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ள இன்னொருவரிடம் கேட்க வேண்டும் என்பதை அன்றைக்கு நான் வெறுத்தேன். கொப்பியை வாசித்த அன்று இதுதான் எனக்கு நினைவு வந்தது. உன் திரையில் நீ வெளிச்சத்துக்கு ஒரு தகடு போட்டிருக்கிறாய். கணக்கப்பிள்ளையாக வந்து அதை இறக்கியவள் நான். அந்தச் "சரிம்மா"வோடு நீயும் எனக்கு ஆணி எடுத்துக் கொடுத்தாய்.

ஆகவே திரும்பப் போடுவது என்று முடிவு செய்தேன். உன் அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். "என்னாங்க, தம்பியோட லினக்ஸ நான் மறுபடி போடப் போறேன்." உன் அப்பா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல், "போட்டுக்க. அந்தக் கடைக்கார மல்லிக்கிட்ட மட்டும் போயிராத" என்றார். மூன்று வருஷத்தில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான். உன் கணிதப் பெட்டிக்குள் பிளாஸ்டர் ஒட்டி "நிறுவ" என்று எழுதிய பென் டிரைவ் இருந்தது. நீ இங்கே விட்டுப்போன பழைய லெப்டொப்பில் செருகினேன். பள்ளிக்கூடக் கோப்புகளை வேறாக எடுத்து வைத்த பிறகுதான் தொடங்கினேன். பாதி வழியில் திரை என்னிடம் கேட்டது: இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் போடவா, பக்கத்தில் இடம் ஒதுக்கிப் போடவா? கடைக்காரப் பையன் கேட்ட அதே கேள்வி. தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பக்கத்தில் என்பதைத் தேர்ந்தேன். எதையும் முழுசாக அழிக்கச் சொல்லி இனி என் வாயால் வராது.

அடிப்படை வந்துவிட்டது, ஆனால் உன் கொப்பியில் இருந்த, திரையில் திறக்கிற ஜன்னல்களை அடுக்குகிற நிரல் பென் டிரைவில் இல்லை, இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அப்பா ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகிறபோது, அவர் ஓட்டுகிற தோட்டத்து லொறியில் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன், லெப்டொப் மடியில். கோயில் வளைவில் நிறுத்தினார். ஃபோனிலிருந்து லெப்டொப்புக்கு இணைப்புக் கொடுத்தேன். "எவ்வளவு நேரம்?" "நாப்பது நிமிஷம்னு காட்டுது." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?" "ஒரு மணித்தியாலம்னு காட்டுது." "அடியே, போகப் போகக் கூடுது, இது என்னா மீட்டர் போட்ட ஆட்டோவா? மேனேஜர் ஜீப் வந்தா நான் என்னா சொல்லட்டும்?" "டயர் பார்க்குறேன்னு சொல்லுங்க." மனுஷன் நிஜமாகவே இறங்கிப் போய் ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நிரல் இறங்கி முடிந்ததும் அவர் ஏறி உட்கார்ந்து, "நாலும் நல்லா இருக்கு" என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் அந்த லொறிக்குள் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து மூன்று வாரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் இரண்டு பக்கம் அடித்தேன். சும்மா பார்த்து அடிக்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு வரியும் ஏன் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. வரியின் தொடக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்ட ஹாஷ் குறி இருந்தால் இயந்திரம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும், மனிதர் வாசிப்பதற்கு மட்டும் அது இருக்கும் என்பதுதான் நான் முதலில் கற்றது. எவ்வளவு மரியாதையான ஏற்பாடு. அதே குறி நிறத்துக்கு முன்னால் வந்தால் மட்டும் வேறு அர்த்தம். நீ கைப்பட எழுதிய ஆறு எழுத்து நிறக் குறிகளுக்குப் பக்கத்தில் "ரப்பர் இலை, உதிர்வதற்கு முந்தைய வாரம்" என்று இருந்தது. அடித்துச் சேமித்துத் திரையைப் புதுப்பித்தேன். எந்த ஜன்னலில் வேலை செய்கிறேனோ அதைச் சுற்றி மட்டும் செம்பு நிறத்தில் ஒரு கோடு வந்தது. ஜனவரி மாதத்தில் நம் லயத்துக்குப் பின்னால் மலை முழுக்க நிற்கிற அதே நிறம். அதை எப்படி ஆறு எழுத்துக்குள் பிடித்தாய்? இலையைக் கையில் வைத்துக்கொண்டு திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா?

கேள்விகள் இன்னும் இருக்கின்றன. ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல், புதிதாக ஒன்று திறந்தால் இருக்கிறவை நகர்ந்து இடம் கொடுக்கின்றன. அதை நான் வெகு நேரம் வேடிக்கை பார்த்தேன். இந்தச் சின்ன வீட்டில், மாமா குடும்பம் தீபாவளிக்கு வந்தால் நாம் பாயை எப்படி விரிப்போமோ அப்படியே இருக்கிறது. உனக்கு அந்த யோசனை அதிலிருந்தா வந்தது, இல்லை ஏற்கெனவே யாரோ செய்து வைத்ததா? ஒரே திரைக்குள் ஒன்றிலிருந்து பத்துவரை பத்து வேலையிடங்கள் வைத்து, எந்த வேலை எதில் திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருக்கிறாய். பத்துக் காம்பரா லயம் மாதிரி. யாரும் அடுத்த வீட்டுக்குள் தவறிப் போவதில்லை. வலது பக்க விசை ஒன்றைத் தொட்டால் தமிழ், மறுபடி தொட்டால் ஆங்கிலம். பெட்டரி எத்தனை நிமிஷம் மீதி என்று பட்டியில் வருவது, நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் வெட்டிய அந்தக் காலத்தில் நீ எழுதியது என்று ஊகிக்கிறேன். வீதத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய, நிமிஷம்தானே வேண்டும். மவுஸைத் தொடாமலே எல்லாவற்றையும் விரல் நுனியில் வைத்திருக்கிறாய். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இப்போது பள்ளிக்கூட கம்பியூட்டரில் உட்கார்ந்தால், என் கை இல்லாத விசையைத் தேடுகிறது.

ஒரு நாள் உடைத்தும் விட்டேன். இருபத்திரண்டாம் பக்கம் அடித்துப் புதுப்பித்ததும் திரையின் உச்சியில் சிவப்புப் பட்டி ஒன்று வந்து, உன் கோப்பில் பிழை இருக்கிறது என்றது. மறுநாள் காலையில் தவணைப் பரீட்சைத் தாள் அதிபரிடம் கொடுக்க வேண்டும், தாள் அதே லெப்டொப்பில். பதறிப்போய் லெப்டொப்பை அணைத்துத் திரும்பத் திறந்தேன். இந்தத் தடவை எந்த விசைக்கும் அசையவில்லை. லெப்டொப்பைச் சுற்றத் துவாயை எடுத்தேன். கடை பத்து நிமிஷ பஸ் தூரம். நீயும் போகிறபோது சொல்லிவிட்டுத்தான் போனாய், "ஏதாச்சும் ஆனா கடையில குடுத்து வேற விண்டோஸ் போட்டுக்குங்கம்மா, பரவால்ல" என்று. அந்தப் "பரவால்ல" நினைவுக்கு வந்ததும் துவாயை மடித்து வைத்துவிட்டேன். கொப்பியையும் பேனாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு மழையில் கோயில் வளைவுக்கு ஏறினேன். அதே மதகுச் சுவர். ஃபோனில் வாசித்து வாசித்துக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருந்தபோது, பால் வாளியோடு வந்த செல்வி அக்கா நின்றார். நம் லயத்து மூன்றாவது காம்பரா, வாய்க்குப் பூட்டு இல்லாதவர். "என்னா டீச்சர், சிக்னல் புடிச்சு லவ் லெட்டரா?" "ஆமாக்கா." "யாருக்கு?" "எம் மகனுக்கு." "அடப் போங்க டீச்சர். மகனுக்கு எழுதுறதுக்கா இந்த மழையில குந்திக்கிட்டு இருக்கீங்க? அட்டை ஏறுது பாருங்க கால்ல." பார்த்தேன், மூன்று ஏறியிருந்தன.

பிழை என்னவென்று கேட்டால் நீ சிரிப்பாய். கொப்பியின் அகலம் போதாமல் நீளமான வரிகளை நீ அடுத்த வரிக்கு மடித்து எழுதி, மடித்த இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டிருக்கிறாய். அதை நான் அழகுக்குப் போட்டது என்று நினைத்து இரண்டு வரியாக அடித்துவிட்டேன். இயந்திரத்துக்கு அது பாதிப் பேச்சு. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடுகிற ஓர் இடத்துக்கு மூன்று விசையைச் சேர்த்து அழுத்திப் போகலாம் என்று மதகில் எழுதிக்கொண்டதைப் பார்த்து, உள்ளே போய், இரண்டு வரியையும் ஒன்றாக்கினேன். எந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து ஓடினேனோ அதுதான் என்னைக் காப்பாற்றியது. வினாத்தாள் அப்படியே இருந்தது. ஒன்று சொல்கிறேன், வைத்துக்கொள்: நீ மாற்றியதையெல்லாம் காகிதத்திலும் எழுதி வை, இப்போதும். மடித்த இடத்தில் அம்புக்குறி போடு. நீ உடைத்ததை நீ மட்டும்தான் சரி செய்வாய் என்று நினைக்காதே. இன்னொன்று: ஒரு நாள் உன் முன்னாலும் யாராவது உனக்கு விளங்காத ஒன்றைத் திறந்து வைத்திருப்பார்கள், உன்னோடு அறையில் இருக்கிற பையனோ, நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறவளோ. வெறுமை என்று உனக்குத் தோன்றினால், நீ பார்க்கத் தெரியாமல் பார்க்கிறாயோ என்று ஒரு தடவை கேட்டுவிடு. நான் கேட்கவில்லை.

பிறகு முப்பத்தோராம் பக்கம் வந்தது. மற்ற விசைகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியவன், இதற்கு மட்டும் தமிழில் எழுதியிருந்தாய்: "அம்மா வந்தால்". கீழே ஒரே வரி. இன்னொரு விசையோடு ஆங்கில 'எம்' எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் ஒன்பதாவது காம்பராவுக்கு, அதாவது ஒன்பதாவது வேலையிடத்துக்குப் போ, அங்கே இரசாயனவியல் வினாத்தாளை முழுத் திரையில் காட்டு. முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது, விளங்கியதும் நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அப்பா வெளியிலிருந்து "என்னா?" என்றார். "ஒன்னுமில்ல" என்றேன். கூப்பிட்டு நான் வந்தால் கறுப்புத் திரை. கூப்பிடாமல் வந்தால் வினாத்தாள். ஒவ்வொரு தடவையும் அதே தாள், அதே பக்கம், மூன்றாவது கேள்வி. ஒரு நாள்கூடப் பக்கம் புரளவில்லை என்பதை, மற்றப் பிள்ளைகளின் கள்ளத்தையெல்லாம் கண்ணாலேயே பிடிக்கிற நான் கவனிக்கவில்லை. சிரித்து முடிந்த பிறகு அந்த இரண்டு சொல்லை மறுபடி பார்த்தேன். என் வருகைக்கு என்று நீ ஒரு விசை வைத்திருந்தாய். என் காலடிச் சத்தம் உனக்கு அவ்வளவு பரிச்சயமாக இருந்திருக்கிறது. நான் சீலையைத் தொடுவதற்குள் உன் விரல் அதைத் தொட்டிருக்க வேண்டும். அதைச் செய்யப் பழகும் அளவுக்கு எத்தனை தடவை நான் கூப்பிடாமல் உள்ளே வந்திருக்கிறேன்?

முப்பத்திரண்டு எடுத்ததற்கு எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அது வேறு. அதற்கான திட்டை நீ வரும்போது தனியாக வாங்கிக்கொள். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் நீ படித்தது எதற்கும் நான் புள்ளி போடவில்லை. இப்போது போட எனக்குத் தகுதியும் இல்லை, பாதிதான் விளங்கியிருக்கிறது. ஜன்னலை நகர்த்துகிற விசைகள் ஏன் அந்த நாலு எழுத்துகளில், இடைவெளி ஏன் ஆறும் இல்லாமல் பத்தும் இல்லாமல் எட்டு, நாற்பதாம் பக்கத்தோடு ஏன் நின்றுவிட்டது, அதற்குப் பிறகு என்ன எழுத நினைத்திருந்தாய், இவையெல்லாம் தெரிய வேண்டும். இப்போது அங்கே உன் புது லெப்டொப்பில் என்ன வைத்திருக்கிறாய், அது இதைப் போல இருக்கிறதா, அல்லது நீ இதையெல்லாம் விட்டே விட்டாயா? விட்டிருந்தால் அதற்கும் நான்தானா காரணம்? ஃபோனில் "நல்லா போவுதும்மா" என்பதற்குப் பதிலாக இவற்றில் ஒன்றைச் சொல். விளங்காவிட்டாலும் பரவாயில்லை, நான் கொப்பியில் எழுதிக்கொண்டு போய் வளைவில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் பழைய வால்பேப்பர் எனக்குக் கிடைக்கவில்லை. அது கொப்பியில் எழுதக்கூடிய பொருள் இல்லை. அது போனது போனதுதான். மற்றபடி நாற்பது பக்கமும் உள்ளே இருக்கிறது. லெப்டொப்பைத் திறந்தால் இப்போது இரண்டு பெயர் கேட்கும், என்னுடையதும் உன்னுடையதும். உன் பெயருக்குள் நான் போக மாட்டேன். கடவுச்சொல் பழையதுதான், வந்ததும் மாற்றிக்கொள், என்னிடம் சொல்ல வேண்டாம். முப்பத்தோராம் பக்கத்து வரியையும் ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்திருக்கிறேன். அதன் முன்னால் மட்டும் ஒரு ஹாஷ் குறி போட்டேன். இயந்திரம் அதைத் தாண்டிப் போகும், நீ வாசிக்கலாம். உன்னைக் கேட்காமல் நான் செய்த ஒரே மாற்றம் அது. தீபாவளிக்கு வரும்போது அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றினால் எடுத்துவிடு. ஏன் என்று கேட்க மாட்டேன், அது உன் கூரை. எடுக்காமல் விட்டாயானால், திரையில் எது இருக்கிறதோ அது அப்படியே இருக்கட்டும். சீலைக்கு வெளியே நின்று ஒரு தடவை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். "வாங்கம்மா" என்று நீ சொன்னால் உள்ளே வருகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முக்காலியை நானே தூக்கிக்கொண்டு வருவேன்.

அம்மா